ஒரே ஏரி, இரண்டு படிவம்

தமிழ்நாடு மாநில ஈரநில ஆணையத்துக்கும் ஆந்திரப் பிரதேச மாநில ஈரநில ஆணையத்துக்கும் சேர்த்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இதை இரண்டு உறையில் போட்டு, சென்னைக்கு ஒன்றும் அமராவதிக்கு ஒன்றுமாக அனுப்பியிருக்கலாம். இத்தனை வருடமாக எங்கள் ஊர் மனுக்கள் அப்படித்தான் போகின்றன. பதிலும் இரண்டாக வரும், வந்தால். இந்த முறை ஒரே தாளில் இரண்டு பேரையும் உட்காரவைத்து, இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான பழவேற்காடு ஏரியைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. குறைந்தது தாளிலாவது நீங்கள் ஒன்றாக இருப்பீர்கள்.

நான் தடா பக்கம், பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊரில் இருப்பவன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ரேஷன் கார்டும் ஓட்டும் ஆந்திராவில். தமிழ் எழுத்து ஆரம்பாக்கத்துப் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் கற்றது. (ஊர் பேர் தடா என்றதும் சிரிக்காத தமிழர் குறைவு. சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.) ஏரியில் பிடிபடும் இறாலையும் நண்டையும் வாங்கி, எடை போட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கி லாரி ஏற்றுவது என் பிழைப்பு. தங்கையைக் கொடுத்திருப்பது பழவேற்காட்டில். ஆகையால் இந்த ஏரியின் இரண்டு கரையிலும் எனக்குச் சாப்பாடு உண்டு, சண்டையும் உண்டு.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் எனக்கு வேறு வேலை. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1987இல் தொடங்கியது, இன்றுவரை ஆர்வலர்களின் காலில்தான் ஓடுகிறது. பள்ளிக்கூட வாத்தியார், மாணவர், கேமரா வாங்கிய புது மாப்பிள்ளை, என்னைப் போன்ற இறால் வியாபாரி என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். எண்ணிய எண்ணிக்கை மாநில ஒருங்கிணைப்பாளர் வழியாகப் போய், கடைசியில் உலகளாவிய நீர்ப்பறவைக் கணக்கில் சேரும். சைபீரியாவிலிருந்து வந்த ஊசிவால் வாத்தை நான் இங்கே எண்ணி எழுதினால், அந்தக் கணக்கை வெளிநாட்டில் ஒருவர் எடுத்துப் பார்த்து, அந்த இனம் பெருகுகிறதா தேய்கிறதா என்று சொல்வார். சம்பளமில்லாத வேலைதான். ஆனால் என் கையெழுத்து இவ்வளவு தூரம் போகிற வேலை வேறு எதுவும் எனக்கு இல்லை.

ஒரு வருடம் வாடைக்காற்று நல்ல வேகம். கரையோரச் சேற்றில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றிருந்தன. எண்ணி முடித்து எழுதியும்விட்டேன். ஒரு மோட்டார் படகு குறுக்கே போனது. கூட்டம் முழுக்க எழும்பி, சிறகின் சிவப்பைக் காட்டிக்கொண்டு தெற்கே போய் இறங்கியது. தெற்கே என்றால் தமிழ்நாடு. அங்கே என் தங்கை மாப்பிள்ளை, அவருடைய பட்டியலோடு நிற்கிறார். சாயங்காலம் போனில் பேசும்போதுதான் தெரிந்தது: என் படிவத்தில் ஏறிய பூநாரைகள் அவர் படிவத்திலும் ஏறியிருக்கின்றன. “மச்சான், உங்க பறவையா எங்க பறவையா?” என்று கேட்டார். இருவரும் சிரித்தோம். அப்புறம் இருவருமே அந்த எண்ணிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டோம்.

இது வெறும் கணக்குக் குழப்பம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1971 பிப்ரவரி 2ஆம் தேதி ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தத்தில் ஒரு நீர்நிலையைச் சேர்ப்பதற்கு ஒன்பது அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளுக்கு மேல் தங்கவேண்டும் என்பது. இன்னொன்று, ஏதாவது ஒரு பறவை இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒன்றாவது அங்கே இருக்கவேண்டும் என்பது. ஏரியைக் குறுக்கே வெட்டி எண்ணினால் இரண்டு துண்டுக்கும் சேர்த்துக் கணக்கு பிசகும். சில பறவை இரண்டு முறை வரும், சில பறவை யார் கணக்கிலும் வராது. இந்தியா இந்த ஒப்பந்தத்தில் 1982இல் சேர்ந்தது. இன்று நாட்டில் ராம்சர் தளங்கள், அதாவது அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறிய நீர்நிலைகள், தொண்ணூறைத் தாண்டிவிட்டன. தமிழ்நாட்டில் வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் 2022இல் ஏறின. ஆந்திராவில் கொல்லேறு ஏரி 2002லேயே ஏறிவிட்டது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடி நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலான பழவேற்காடு அந்தப் பட்டியலில் இல்லை.

ஏன் இல்லை என்று நான் ஆராய்ச்சி செய்யவில்லை. ஆனால் இரண்டு பேர் வீட்டுச் சுவரில் வரும் விரிசலை யார் பூசுவார்கள் என்பது எந்த ஊரிலும் தெரிந்த கதை.

1960க்குப் போவோம். ஆந்திராவுக்கும் அன்றைய சென்னை மாநிலத்துக்கும் எல்லையைத் திருத்திய சட்டம் அந்த வருடம் ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சில ஊர்கள் இந்தப் பக்கம் வந்தன என்பதை யாரும் அவ்வளவாகப் படிப்பதில்லை. எல்லை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நிலத்தில் கல் நடலாம். ஏரியில் எங்கே நடுவது? சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான் என்றாலும், அடியில் இருப்பது சேறு.

அதே 1960, அதே ஏப்ரல் மாதம், எட்டாம் தேதி. நெதர்லாந்தும் அன்றைய மேற்கு ஜெர்மனியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடம், டொல்லார்ட் என்கிற சேற்றுக் குடா. நம் ஏரி மாதிரிதான்: ஓதம் ஏறினால் தண்ணீர், இறங்கினால் சேறு, சேற்றில் பறவை. எல்லை எங்கே என்பதில் இரண்டு நாட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. முழு ஆறும் எங்களுடையது என்றது ஜெர்மனி. நடுவில் கோடு என்றது நெதர்லாந்து. அதுவும் உலகப் போர் முடிந்து பதினைந்தே வருடத்தில். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லைச் சண்டையைத் தீர்க்கவே இல்லை. உன் நிலைப்பாடு உன்னிடம் இருக்கட்டும், என்னுடையது என்னிடம் இருக்கட்டும், தண்ணீர் வேலையைச் சேர்ந்து பார்ப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கோடு இன்னும் முடிவாகவில்லை. வேலை நடக்கிறது.

நாம் அந்த மாதத்தில் கோட்டைப் போட்டு முடித்தோம். வேலையை இன்னும் தொடங்கவில்லை.

அந்தக் குடாவைத் தாண்டினால் வாடன் கடல். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் மூன்றுக்கும் பொதுவான சேற்றுக் கடற்கரை. 1978இல் மூன்று நாட்டு அமைச்சர்களும் முதல் முறை கூடினார்கள். 1982இல் கூட்டுப் பிரகடனம், 1987இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் நகரில் மூவருக்கும் ஒரே செயலகம். அடுத்த வருடமே ஒரு வைரஸ் நோய் வந்து சீல் என்னும் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஒதுங்கிய உடல் யார் கரையில் கிடக்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1990இல் கடல்நாய்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை செய்தார்கள். பறவையை மூன்று நாட்டிலும் ஒரே முறையில் எண்ணுகிறார்கள். எந்த நாட்டுச் சட்டமும் ரத்தாகவில்லை, எந்த நாட்டுக் கொடியும் இறங்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஏரியில் செத்த மீன் மிதந்த ஒரு மழைக்காலம் நினைவுக்கு வந்தது. காலையில் பார்த்தால் கரை முழுக்க வெள்ளை வயிறு. நாற்றம் தாங்க முடியவில்லை. அன்றைக்கு என் கடைக்கு இறால் கொண்டுவந்தவர்களிடம் யாரும் வாங்கவில்லை, நானும்தான். இந்தப் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்குப் போன் போட்டேன். “மீன் தெற்கேயிருந்து வந்திருக்கு, அது அவங்க லிமிட்” என்றார்கள். மச்சான் அந்தப் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்குப் போனார். “ஒதுங்கினது ஆந்திராவில, அவங்க லிமிட்” என்றார்கள். சாயங்காலம் காற்று திரும்பியது, மீனும் திரும்பியது. லிமிட் மட்டும் திரும்பவில்லை. தண்ணீரை யாரும் பாட்டிலில் பிடித்துப் பார்க்கவே இல்லை. ஏன் செத்தது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அந்த அதிகாரிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்குக் கொடுத்த வரைபடம் அப்படி.

உண்மையான வரைபடம் வேறு. ஆரணியாறு ஆந்திர மலையில் பிறக்கிறது. பிச்சாட்டூரில் அதற்கு அணை. அணை திறந்தால் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் ஓடி, திருவள்ளூர் மாவட்டம் வழியாக ஏரிக்கு வருகிறது. காளங்கி ஆறு சூலூர்பேட்டை வழியாக ஆந்திரப் பக்கம் கலக்கிறது. இது நல்ல தண்ணீர் வரும் வழி. உப்புத் தண்ணீருக்கு வடக்கே ராயதொருவும் தூப்பிலிப்பாளையமும் வாயாக இருந்தன. அவை மணல் மேடிட்டுக் கிடக்கின்றன. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போட்ட சாலை ஏரியைக் குறுக்கே அறுத்து நிற்கிறது. மிச்சம் இருக்கும் பெரிய வாய் தெற்கே, பழவேற்காட்டு முகத்துவாரம். ஆக, தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய நல்ல தண்ணீரின் சாவி ஆந்திராவிடம் இருக்கிறது. ஆந்திராவுக்கு வரவேண்டிய கடல் தண்ணீரின் கதவு தமிழ்நாட்டில் இருக்கிறது. ஒருவர் கையில் மற்றவர் குடுமி என்பார்களே, அதுதான். இப்படி இருக்கிறவர்கள் பேசிக்கொள்ளாமல் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

முகத்துவாரம் என்றால் வெறும் படகுப் பாதை என்று நினைப்பவர்கள் உண்டு. இறாலுக்கு ஏரி பிறந்த வீடு இல்லை. அது முட்டையிடுவது கடலில். பொடிக் குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைந்து, ஆழமில்லாத சேற்றில் தின்று வளர்ந்து, பெரிதானதும் மறுபடி கடலுக்குப் போகும். மடவை மீனும் அப்படியே. வாய் அடைத்துக்கொண்டால் குஞ்சு வராது. குஞ்சு வராவிட்டால் தடாவில் என் தராசுக்கு வேலை இல்லை. பழவேற்காட்டில் மணல் சேர்ந்தால் அறுபது கிலோமீட்டர் நீளத்துக்கும் வயிறு காயும். கோடையில் வடக்குப் பகுதி வறண்டு, உப்புப் பூத்து, மாட்டுவண்டி போகும் தரையாகிவிடுவதை எங்கள் பக்கத்தில் கண்ணாலேயே பார்க்கிறோம்.

சில்காவில் இதேதான் நடந்தது. முகத்துவாரம் தூர்ந்து, உப்பு குறைந்து, களை மண்டி, மீன் அற்றுப்போனது. 1993இல் ராம்சர் ஒப்பந்தம் சில்காவை மாண்ட்ரோ பதிவேட்டில் ஏற்றியது. அது ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களின் பதிவேடு, நோயாளிப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் இதை அவமானம் என்று நினைப்பார்கள். ஆனால் பட்டியலில் ஏறியதால் உலகம் முழுக்க இருந்து கண்ணும் கவனமும் கிடைத்தது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புது வாய் வெட்டினார்கள். மீன்பாடு பல மடங்கு ஏறியது. 2001இல் ராம்சர் நிபுணர் குழு வந்து பார்த்தது. 2002இல் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கியது, அதே வருடம் ராம்சர் விருதும் கிடைத்தது. சில்காவுக்கு ஒரு வசதி இருந்தது: முழு ஏரியும் ஒரே மாநிலத்துக்குள். ஏரிக்கென்று ஒரு மேம்பாட்டு ஆணையத்தை ஒடிசா அமைத்தது, ஒரே கையெழுத்தில் வேலை நடந்தது. நமக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்று எனக்குத் தெரியும். “பழவேற்காடு வனவிலங்குச் சரணாலயம். ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் அறிவிக்கப்பட்டவை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலமும் மேலே இருக்கிறது. 2017 ஈரநில விதிகள் அந்த இடங்களுக்குப் பொருந்தா. ஆகையால் இது எங்கள் ஆணையத்தின் வேலை இல்லை.” விதியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கோடிக்கரையும் சரணாலயம்தான். 2002இல் ராம்சர் தளமாகவும் ஆனது. சரணாலயமாக இருப்பது பட்டியலில் ஏறுவதற்குத் தடை இல்லை. அதோடு, இரண்டு மாநிலத்துக்குப் பொதுவான ஈரநிலம் என்றால் ஒன்றிய அரசு இருவரையும் ஒருங்கிணைத்து ஆவணம் தயாரிக்கவேண்டும் என்று அதே 2017 விதிகளில் ஒரு வரி இருக்கிறது. விலக்கைச் சொல்லும் வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரியை மறந்துவிடுவது நியாயமாகப் படவில்லை.

ஏரியை ஒன்றாகவே பார்த்த ஓர் ஆவணம் உண்டு. 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த இறால் பண்ணைத் தீர்ப்பு. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கு. சில்கா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றார்கள் நீதிபதிகள். நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தையும் பேர் சொல்லிச் சேர்த்தார்கள். ஆந்திராவுக்கு ஒரு தூரம், தமிழ்நாட்டுக்கு ஒரு தூரம் என்று சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பை எங்கள் கரையில் எல்லோரும் மதித்தார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பண்ணை இறால் விலையைத் தள்ளிவிடுகிறது என்பதில் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு. அதை இதில் கலக்கவில்லை.

இனி மீனவக் குப்பங்களைப் பற்றி. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பறவை பார்ப்பவன் எழுதியதாகிவிடும்.

ராம்சர் என்ற சொல்லை ஏரிக்கரையில் போய்ச் சொன்னால் முதல் கேள்வி, “வலை போடக்கூடாதுன்னு சொல்வாங்களா?” என்பது. சரணாலயம் என்ற சொல்லுக்கு அவர்கள் அறிந்த பொருள் அது. பறவைக்கு ஒரு பலகை வைத்தால் மனிதனுக்கு ஒரு வேலி வரும் என்று நினைக்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து குடும்பங்கள் கிளப்பப்பட்ட கதையைத் தாத்தாக்கள் இன்னும் சொல்கிறார்கள். ராக்கெட் விடுகிற நாளில் தொழிலுக்குப் போகக்கூடாது என்ற உத்தரவு இன்றைக்கும் வருகிறது. அவர்கள் பயத்தை அறியாமை என்று தள்ளக்கூடாது.

ஒப்பந்தத்தின் வாசகம் இதற்கு நேர்மாறானது. அறிவார்ந்த பயன்பாடு என்பதுதான் அதன் அடிப்படைச் சொல். தொட்டுவிடாதே என்று அது சொல்வதில்லை. அழியாதபடி பயன்படுத்து என்கிறது. 1999இல் கோஸ்டா ரிகாவில் கூடியபோது உள்ளூர் மக்களை நிர்வாகத்தில் சேர்ப்பதற்கென்றே வழிகாட்டுதல்களையும் ஏற்றார்கள். எங்கள் ஏரியில் அதற்கு முன்பே ஒரு முறை இருக்கிறது. பாடு என்பார்கள். தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு மோசமான இடம். தண்ணீரில் யாருக்கும் பட்டா இல்லை, முறை மட்டும் உண்டு. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வந்து இதை எழுதிப் போயிருக்கிறார்கள்.

அவர்களில் பலர் புகழ்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாடு எல்லோருக்கும் கிடையாது. குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்தவர்களுக்கே பங்கு. இருளர் வீட்டுப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு. அவர்களுக்குச் சீட்டு இல்லை. தண்ணீர் குறைந்தாலும் கூடினாலும் முதலில் தெரிவது அந்தப் பெண்களின் காலுக்கு. நாளைக்கு இந்த ஏரிக்கு ஒரு கூட்டு மேசை போட்டால், பாடு முறையின் தலைவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு மக்கள் பங்கேற்பு முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். இந்தப் பெண்களில் இரண்டு கரைக்கும் ஆளுக்கு ஒருவராவது அதில் உட்காரவேண்டும். அன்றைக்கு அவர்களுக்குக் கூலி போகும். அதைக் கொடுக்கவும் வேண்டும்.

வெளிநாட்டுக் கூட்டு என்றாலே நல்லது என்றும் நான் நினைப்பதில்லை. இந்த ஏரிக்கு அந்த அனுபவம் பழையது. டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். இங்கிருந்து கட்டம் போட்ட துணி கிழக்கே போனது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இன்றைக்கும் அந்தக் கைலிக்குப் பெலிகாட் என்று எங்கள் ஊர் பேர்தான். துணியோடு மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேறிப் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் மண்டையோட்டுச் சிற்பத்தோடு அழகாக நிற்கின்றன. தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. கப்பலேறியவர்களுக்குக் கல் இல்லை. ஆகையால் கூட்டாளி என்று யார் வந்தாலும், என்ன கொண்டுவருகிறீர்கள், என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலி போடவேண்டும். கேட்கவேண்டியது நீங்கள் இருவரும் சேர்ந்து. தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பணத்திலும் அதுதான் நடக்கிறது. ஆந்திரக் கடற்கரைக்குப் பசுமைக் காலநிலை நிதியத்தின் திட்டம் ஒன்று உண்டு. அதில் ஆந்திராவின் கூட்டாளிகள் ஒடிசாவும் மகாராஷ்டிராவும். தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு உலக வங்கியின் திட்டம். அதில் தமிழ்நாட்டின் கூட்டாளி கர்நாடகா. மும்பைக் கடலும் மங்களூர்க் கடலும் நமக்குக் கூட்டு. ஒரே ஏரியில் கைகழுவும் நாம் இருவரும் ஒரே திட்டத்தில் இல்லை. யாரோ வேண்டுமென்று செய்ததில்லை, தெரியும். ஆனால் மணமேடையில் அண்ணன் தம்பி தெரியாதவர்கள் போல நிற்பது மாதிரி இருக்கிறது.

பறவைகள் பக்கம் நிலைமை கொஞ்சம் தேவலை. சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் 30 நாடுகள் வருகின்றன. 2020 பிப்ரவரியில் வலசை உயிரினங்களுக்கான ஒப்பந்த நாடுகளின் மாநாட்டை இந்தியாதான் காந்திநகரில் நடத்தியது. 2024இல் சமர்கண்டில் கூடியபோது இந்தப் பாதைக்கான ஒருங்கிணைப்பு அலகை இந்தியாவில் வைப்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். ரஷ்யாவையும் கஜகஸ்தானையும் ஈரானையும் ஒரே மேசைக்குக் கூப்பிடும் பொறுப்பு நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. நல்ல பெருமை. அந்தப் பாதையில் வந்து இறங்கும் நாமத்தலை வாத்துக்காகச் சூலூர்பேட்டையும் பொன்னேரியும் ஒரே மேசைக்கு வருவது அதைவிடவா கஷ்டம்?

பிரெஸ்பா ஏரிகளையும் பாருங்கள். கிரேக்கம், அல்பேனியா, வட மாசிடோனியா மூன்றுக்கும் பொது. எங்கள் நேலப்பட்டு போலவே அங்கேயும் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். 2000 பிப்ரவரி 2ஆம் தேதி மூன்று பிரதமர்களும் அங்கே சேர்ந்து பொதுப் பூங்கா அறிவித்தார்கள். அப்போது கிரேக்கம் மாசிடோனியா என்ற பெயரையே ஏற்கவில்லை. பெயர்ச் சண்டை 2018இல்தான் தீர்ந்தது, அதுவும் அந்த ஏரிக்கரையிலேயே கையெழுத்தாகி. பேர் சொல்லிக் கூப்பிட முடியாதவர்களே பதினெட்டு வருடம் முன்பு ஏரிக்காகச் சேர்ந்துவிட்டார்கள். நமக்குள் பெண் கொடுத்து பெண் எடுக்கிறோம்.

இன்னொன்று சொல்லவேண்டும், எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தது. 2025 ஜூலை 30ஆம் தேதி மாலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் போனது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. இந்தத் தீவிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் செயற்கைக்கோள்கள் போயிருக்கின்றன, அது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் நிசார் 12 நாளுக்கு ஒரு முறை பூமியை ரேடாரால் அளக்கும், ஈரநிலங்களில் தண்ணீர் ஏறி இறங்குவதும் அதற்குத் தெரியும் என்று படித்தபோது கொஞ்சம் நின்றுவிட்டேன். எந்த ஏரியின் ஓரத்திலிருந்து கிளம்பியதோ அந்த ஏரியையும் அது பார்க்கும். ஒரே ஏரியாகப் பார்க்கும். அந்தப் படங்களை இரண்டு பேரும் இறக்கி, இரண்டு அலுவலகத்தில், நடுவில் வெட்டிப் பார்க்காமல் இருந்தால் சரி.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பழவேற்காட்டை முழுசாக, கோடு போடாமல், ஒரே ராம்சர் தளமாக முன்மொழியும் ஆவணத்தை இரண்டு ஆணையங்களும் சேர்ந்து எழுதி, வனத்துறைகளையும் உட்காரவைத்து, டெல்லிக்கு ஒரே உறையில் அனுப்புங்கள். சர்வதேச ஒப்பந்தத்தில் நாடுதான் கையெழுத்திடும், மாநிலம் இல்லை. ஆனால் மாநிலம் எழுதி அனுப்பாமல் நாடு எதையும் சேர்ப்பதில்லை. ஆரணியாற்றில் எப்போது எவ்வளவு தண்ணீர் விடுவது, முகத்துவாரத்தில் எப்போது மணல் எடுப்பது என்பதை ஒரே நாட்காட்டியில் எழுதுங்கள். வடக்கு வாய்களைத் திறக்கும் பேச்சு ஆந்திராவில் எழும்போது தெற்கு வாய்க்கு அதனால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுப் பொறியாளரைக் கேளுங்கள். அவரும் அப்படியே செய்யட்டும். அடுத்த முறை மீன் செத்தால் போன் போட ஒரே எண் கொடுங்கள். தெலுங்கில் எடுத்தாலும் தமிழில் எடுத்தாலும் எங்களுக்குச் சரி.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். வரும் ஜனவரிக் கணக்கெடுப்பில் நானும் மச்சானும் ஒரே படகில் போவதாக முடிவு செய்திருக்கிறோம். எங்கள் துறையிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பறவையைக் கலைக்காமல் கோல் ஊன்றியே தெற்கே போய், மத்தியானம் பழவேற்காட்டில் தங்கை வீட்டில் சாப்பாடு. படகில் ஆறு பேர் உட்காரலாம், நாங்கள் படகுக்காரரோடு நாலு பேர். இரண்டு ஆணையங்களிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் வரலாம். தொப்பி, குடிதண்ணீர் கொண்டுவாருங்கள். செருப்பு சேற்றில் நிற்காது. படிவம் நான் கொண்டுவருகிறேன், ஒன்றே ஒன்று.

இப்படிக்கு,
தடா பக்கத்து இறால் வியாபாரி ஒருவன்